அடிக்கணு கேட்ட அளவு

ஆராய்ச்சிப் பண்ணையில் நின்ற சோளத் தண்டின் அடிக்கணுவுக்கு வயிற்றெரிச்சல் தாளவில்லை. வளர்ச்சி ஹார்மோனையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் நுனி அப்படி நெடுநெடுவென்று உயர்கிறதாம்.

“இல்லண்ணே, ஊற ஊற உங்களுக்குத்தான் இறக்கிவிடுறேன்,” என்றது நுனி.

“அளந்தா தெரிஞ்சிடும்!” அடிக்கணு ஆய்வுக்கூடத்துக் கத்தியைக் கூப்பிட்டது.

“துண்டு போட்டுத்தான் அளக்க முடியும். சம்மதமா?” என்றது கத்தி.

“வேண்டாம்ணே!” நுனி நடுங்கியது.

“பயப்படுது பாரு! முதல்ல அதை வெட்டு.”

நுனி விழுந்தது. மேலிருந்து ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டென்று நின்றுபோனதை அடிக்கணு உணர்ந்தது.

“நிறுத்து! எனக்குத் தெரிஞ்சிடுச்சு.”

“உனக்குத் தெரிஞ்சா ஆச்சா? உன்னையும் அளந்தாத்தானே யார்கிட்ட எவ்வளவுன்னு சொல்ல முடியும்,” என்ற கத்தி, ஒவ்வொரு கணுவாக வெட்டிக்கொண்டே கீழே இறங்கியது.