நஞ்சம்மாளின் வேண்டுதல்கள்

வாழ்நாளெல்லாம் தம் கையிலிருந்த ஒன்றை முதுமையில் கீழே வைத்துவிட்ட மனிதர் யாரேனும் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? வைத்த பிறகு அவர் முகம் எப்படியிருக்கிறது என்று ஒருநாளாவது உற்றுப் பார்த்தீர்களா?

அன்னூர்ப் பக்கத்துக் குமாரசாமிக் கவுண்டர் அத்தகைய மனிதர். அந்த வட்டாரத்தில் முதன்முதலாகப் பிளசர் கார் வாங்கி, ஆள் வைக்காமல் தாமே ஓட்டியவர்.

ஒருநாள் சந்தைக் கூட்டத்தில் மோர்க்காரி ஒருத்தி குறுக்கே வந்துவிட்டாள். கவுண்டர் பதறிப்போனார். பிரேக்கை மிதிக்க வேண்டியவர், ஸ்டியரிங்கை இரு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து இழுத்து, "ஹோ! ஹோ!" என்று கத்தினார். இளமையில் மாட்டுவண்டி ஓட்டிய கை. ஆபத்து வந்ததும் பழைய கயிற்றைத் தேடிப் போய்விட்டது. மோர்ப்பானை சுக்குநூறாயிற்று. மோர்க்காரி மயிரிழையில் பிழைத்தாள்.

வீடு வந்ததும் சாவியை மகனிடம் நீட்டினார். "இனி நான் தொட மாட்டேன் கண்ணு. ஒரு உசுரு போயிருக்கும்."

எவரும் பறிக்கவில்லை, தாமே கொடுத்தார். ஆனால் அன்றுமுதல் சவரம் இல்லை, சந்தை இல்லை, பேச்சில்லை. மகன் காரில் அழைத்தால், "பின்னால மூட்டையாட்டம் உக்காரவா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வட்டிலில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது.

இதையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் உடுமலைப்பேட்டையிலிருந்து தங்கை ராசாத்தாள் ஓடிவந்தாள். வந்த இடத்தில் அவள் கண்டது வேறு. அவள் 'நங்கை' என்று அழைக்கும் அண்ணன் மனைவி நஞ்சம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, "ஏனுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க! அவிநாசிக்கு வேண்டுதல் இருக்குதுங்க!" என்று கவுண்டரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

வாராவாரம் இதே கதையாம். ஒரு வாரம் பேரூர், மறுவாரம் மருதமலை. கணவனும் மனைவியும் சேர்ந்தே வருவதாக வேண்டுதல்; அதுவும் சொந்தக் காரில் அல்ல, நாலு பேரோடு பஸ்ஸில் வருவதாக வேண்டுதல். தெய்வத்துக்குச் சொன்ன சொல்லை மறுக்க எந்தக் கணவருக்குத் துணிவு வரும்?

"அண்ணன் பிளசரை உட்டதும் உங்க நங்கையாளுக்குக் கால்ல சக்கரம் மொளைச்சுப்போச்சு, அம்மணி" என்று பக்கத்து வீட்டுக்காரி காதைக் கடித்தாள்.

ராசாத்தாள் நஞ்சம்மாளை வாசலில் மறித்தாள். "ஏனுங்க நங்கை, நொந்து கெடக்கற மனுசனை இப்படி இழுத்தடிக்கறீங்களே! சாமிக்குத் தெரியாதுங்களா? இங்கிருந்தே கும்பிட்டாப் போதாதுங்களா?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான் அம்மணி. நீயும் வா" என்றாள் நஞ்சம்மாள்.

அண்ணனுக்குத் துணையாகவாவது இருப்போம் என்று அவளும் பஸ் ஏறினாள்.

கவுண்டர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் பங்காரு திரும்பிப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

"என்னுங்க கவுண்டரே, வளைவு வருது. கயித்தை இழுக்கட்டுங்களா?"

ராசாத்தாள் திடுக்கிட்டாள். ஆறாத புண்ணில் கோல் விட்டுக் கிளறுகிறானே!

"மெதுவா இழுப்பா! மாடு மெரண்டா மோருக்கு யாரு காசு குடுக்கறது?"

பஸ்ஸே சிரித்தது. கவுண்டரும் சிரித்தார். பிறகு பருத்தி விலை, பஞ்சாயத்து, யார் வீட்டில் கல்யாணம் என்று அவிநாசி வரும்வரை பேச்சு ஓயவில்லை. ராசாத்தாள் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். சவரம் செய்த முகம்!

இறங்கியதும் கவுண்டர், தெரிந்தவர்களோடு கடைத்தெருவில் நின்றுவிட்டார். நஞ்சம்மாளைக் காணோம். தேடிப்போன ராசாத்தாள், புளியமரத்துக்குப் பின்னால் அவளைக் கண்டாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு, குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னுங்க இது?"

"ஒண்ணுமில்லெ. பஸ் நாத்தம் எனக்கு எப்பவுமே ஆவாது. அவருகிட்டச் சொல்லிப்போடாதே."

"எப்பவுமேயா? அப்படியா கெடந்து சாவோணும்? சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டு இந்த வேண்டுதலை இன்னைக்கே முடிச்சுப்போடுங்க நங்கை!"

நஞ்சம்மாள் வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தாள்.

"வேண்டுதலா? நான் எந்தச் சாமிகிட்டயும் ஒண்ணுமே வேண்டிக்கலெ அம்மணி."

"சாமி பேரைச் சொல்லிப் பொய்யா! அந்தப் பாவம்?"

"அது என் தலையிலயே இருக்கட்டும். அவருக்காகன்னா அவரு கட்டிலை உட்டு எந்திரிக்க மாட்டாரு. எனக்காகன்னா வருவாரு. இப்ப அவரு சோறு உண்கறாரு. எனக்கு அது போதும்."

எதிரே கோபுரம் நின்றது. ராசாத்தாள் அதைக் கும்பிட மறந்தாள். கூப்பிய கை, வாந்தியில் நனைந்த பட்டுச்சேலைக்காரியை நோக்கி நின்றது.

கவுண்டர் துண்டை உதறியபடி வந்து சேர்ந்தார். "ஏம்புள்ள, உன் வேண்டுதல்ல இன்னும் எத்தனை கோயிலு பாக்கி?"

நஞ்சம்மாள் வாய் திறக்குமுன், வாழ்நாளில் ஒரு பொய் சொல்லியறியாத ராசாத்தாள், கோபுரத்தின் நேரெதிரே நின்று சொன்னாள்:

"எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்குதுங்கண்ணா. நீங்க ரெண்டு பேரும் உடுமலைக்கு வந்து ஒரு மாசம் தங்கோணும்!"

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒருவர் உண்டு. 'உங்களுக்காக' என்றால் அவர் எழமாட்டார். 'எனக்காக' என்று சொல்லி, நாளைக்குத் தள்ளாமல், இன்றே, இந்தப் பக்கத்தை மூடிய கையோடு போய் அவரை எழுப்புங்கள்!