சனிக்கிழமைப் பரீட்சை

மற்றவர்கள் மதியத்துக்குள் எழுதி முடித்துப் போய்விட்டார்கள்.

அவள் இன்னும் தொடங்கவில்லை.

கல்லூரியின் கடைசி அறை. வெளியிலிருந்து யாரும் ஜாடை காட்டிவிடக் கூடாது என்று ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். செல்பேசி அலுவலகத்தில் இருந்தது. கழிவறைக்குப் போனாலும் டீச்சர் கூடவே வந்தார். காலையில் உள்ளே வைத்தார்கள். சூரியன் விழும்வரை இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அதே கேள்வித்தாள் அவளுக்கும்.

சலுகை என்று பெயர்.

சபைப் போதகரான அப்பா பல்கலைக்கழகத்துக்கு மனுமேல் மனு போட்டு வாங்கியது. வெள்ளி அந்தி தொடங்கி சனி அந்திவரை அவர்கள் சபைக்கு ஓய்வுநாள். அடுப்பு மூட்டக் கூடாது. பாடம் படிக்கக் கூடாது. பரீட்சை எழுதக் கூடாது. இந்த ஒரு தாள் மட்டும் வருடா வருடம் சனிக்கிழமையில் வந்தது. போன முறை அவளை அனுப்பவில்லை. அதற்கு முந்தின முறையும் அனுப்பவில்லை.

இதுதான் கடைசி வாய்ப்பு.

தேறினால் கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் வேலை. தேறாவிட்டால் சபை மூப்பரின் மகனோடு கல்யாணம்.

மூப்பரின் மகன் கெட்டவன் இல்லை. அதுதான் பிரச்சினை. மறுக்கக் காரணம் எதுவும் இல்லை.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் ஓர் அடக்கவிலைக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் வேலைதான். நிறுத்தவில்லை.

செண்பகவல்லி டீச்சர் எதிரில் உட்கார்ந்து வலிக்கிற முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். காவல் அவருடைய முறை.

"ஏம்மா, உங்க சாமி ஞாயித்துக்கெழமைதான லீவு விடுவாரு?"

"அது மத்த சபைக்காரங்களுக்கு டீச்சர். எங்களுக்கு சனி."

"எனக்கு ரெண்டும் போச்சு," என்றார் டீச்சர். "பாத்துக்க, பொழுது விழுந்ததும் கவரைப் பிரிப்பேன். அதுலருந்து மூணு மணி நேரம். ஒரு நிமிஷம் கூட்டித் தர மாட்டேன். எழுதிட்டியோ இல்லியோ, பிடுங்கிருவேன்."

மேற்கு வராந்தாவில் அப்பா நின்றிருந்தார். காலையிலிருந்து நிற்கிறார். உபவாசம். சபையில் யாருக்கும் கிடைக்காத அனுமதி இது. போன வாரம் பிரசங்கத்துக்கு நடுவே அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோருக்கும் காட்டினார். கை தட்டினார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய செருப்புச் சத்தம் போவதும் வருவதும் கேட்டது.

அறை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் எழுந்து விளக்கைப் போடவில்லை. டீச்சர்தான் போட்டார்.

கதவு தட்டப்பட்டது.

"விழுந்தாச்சு டீச்சர்," என்றார் அப்பா.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். கவரின் அரக்கை உடைத்தார். கேள்வித்தாளை அவள் முன் கவிழ்த்து வைத்தார்.

"ஆரம்பி. நேரம் ஓடுது."

அவள் கையை நீட்டினாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஒரு ஜெபம் மட்டும் டீச்சர். ஓய்வுநாளை முடிச்சு வைக்கணும்."

"சட்டுனு முடிங்கய்யா. பிள்ளைக்கு நேரம் போவுது."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அப்பா முடித்து வைக்காமல் ஓய்வுநாள் முடியாது. வீட்டில் அம்மா காப்பிச் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருப்பாள்.

அப்பா கண்ணை மூடினார். இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

துணைவேந்தருக்காக ஸ்தோத்திரம் சொன்னார். தேர்வாணையருக்காகச் சொன்னார். மனுவைத் தொலைத்த குமாஸ்தாவை மன்னித்தார். "எங்களுக்காகக் காத்திருக்கிற சகோதரி செண்பகவல்லியின் முழங்காலைச் சுகப்படுத்தும்" என்றார். டீச்சர் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

பிறகு அவள் முறை வந்தது.

"எங்களைப் பரிகாசம் பண்ணினவர்களுக்கு முன்பாக என் மகளைச் சாட்சியாக நிறுத்தினீரே. அவள் விளக்குத்தண்டாக எங்கள் சபையிலேயே, எங்கள் நடுவிலேயே, என்றென்றைக்கும் நிலைத்திருக்கும்படி…"

அழுதார். அழுதால் நீளும்.

அவள் கண்ணைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு கணக்குப் போடும் நேரம் முழுதாகப் போயிருந்தது.

ஜெபத்தில் அப்பா வேதாகமத்தின் எகிப்துக்குப் போனார். அங்கே இருந்து புறப்பட்டார். இப்போதுதான் செங்கடலுக்கு வந்திருந்தார். கானானுக்கு இன்னும் நாற்பது வருடம் இருந்தது.

டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் டீச்சரைப் பார்த்தாள். குறுக்கிட டீச்சருக்குப் பயம். அடுத்தவர் சாமி.

தண்ணீர் இரண்டு பக்கமும் மதிலாக நின்றது. ஜனங்கள் உலர்ந்த தரையில் இறங்கினார்கள்.

"ஆமென்," என்றாள் அவள்.

சத்தமாகவே சொன்னாள்.

அப்பாவின் குரல் பாதிச் சொல்லில் நின்றது. அந்த வீட்டிலோ சபையிலோ அவர் சொல்வதற்கு முன் அதை யாரும் சொன்னதில்லை.

டீச்சருக்கு அது தெரியாது.

"முடிஞ்சிட்டுல்லா? அப்ப வெளிய நில்லுங்கய்யா."

அப்பா நகரவில்லை. கைகள் உயர்ந்தபடியே இருந்தன. கண்ணையும் திறக்கவில்லை.

அவள் கேள்வித்தாளைத் திருப்பினாள். பதிவெண்ணை எழுதத் தொடங்கினாள்.