கரையில் நட்ட கம்பு

கயாக் படகு ஓட்டவென்றே நியூசிலாந்துக்கு வந்திருந்தேன். கடல் அலையில்லாமல் கிடந்தது. படகு வாடகைக்கு விடும் மாவோரிப் பெண் மெரேயானாவோ, தழை கட்டிக் கரையில் நட்டிருந்த கம்பைக் காட்டி, யாரும் இறங்கக் கூடாது என்றாள்.

"மூன்று நாள் முன்னால் ஒருவர் மூழ்கிவிட்டார். உடல் கிடைக்கும்வரை நாங்கள் மீன்கூடப் பிடிப்பதில்லை."

"எவனோ செத்ததற்கு என் பயணத்தைக் கெடுப்பீர்களா? அவன் உங்கள் சொந்தக்காரனா?" என்று கத்தினேன்.

என் கையிலிருந்த துடுப்பை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இல்லை. உங்களைப்போல் சுற்றிப்பார்க்க வந்தவர்."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆங்கில எழுத்தில் இருந்தது: இசக்கியப்பன், திசையன்விளை.

"இந்தப் பெயரையும் அதேபோலக் கத்திச் சொல்லுங்கள். எங்களுக்கு வாயில் வரவில்லை. சாயங்காலம் எங்கள் வழக்கப்படி கரையில் நின்று அவரைக் கூப்பிட வேண்டும்."