மின்னும் சிவப்புப் பொட்டு

கராடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை. படிக்கட்டுக்குக் கீழே, மீட்டர் பெட்டியின் முன்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் பாமா. மூன்றாம் மாடி வீட்டில் அவள் கணவன் ஜெயந்த். சொன்னால் பாட்டுப் போடும் ஸ்பீக்கர், போன் வழியே இயங்கும் விளக்குகள், தானே விலகும் திரைச்சீலை என்று ஆசை ஆசையாக வாங்கி மாட்டியவன். அணைத்துவிட்டால் அவை துளி கரண்டும் இழுக்காது என்று அடித்துச் சொல்கிறான்; பிளக்கில் இருக்கும்வரை இழுக்கும் என்கிறாள் பாமா. தோற்றவர் இனி ஞாயிறுதோறும் சமைக்க வேண்டும் என்பது பந்தயம். வீட்டில் எல்லாம் அணைந்திருக்கிறது, பிரிட்ஜைக்கூட நிறுத்தியாயிற்று. ஆனாலும் கரண்ட் ஓடுவதைக் காட்டும் மீட்டரின் சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மின்னுகிறது.

"டிவி பிளக்கைப் பிடுங்கிட்டேன். இப்போ?" என்கிறான். "மின்னுதுங்க." "ஸ்பீக்கரையும் எடுத்தாச்சு." "இன்னும் மின்னுது." போனில் சோபா இழுபடும் சத்தம், முட்டி இடித்துக்கொண்ட ஒரு "அம்மா!" ஒவ்வொரு பிளக்கைப் பிடுங்கும்போதும் பொட்டு இன்னும் சோம்பி மின்னி, திரைச்சீலை மோட்டாரின் பிளக்கோடு அடங்கியே விடுகிறது. பந்தயத்தில் அவள் ஜெயித்தாயிற்று. பாமா உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். "இன்னும் மின்னுதுங்க." "பிடுங்க இனி என்ன இருக்கு? சுவர்க் கடிகாரம்தான். பேட்டரியைக் கழட்டட்டுமா?" அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். "அடிப்பாவி, எப்பவோ நின்னுடுச்சா!" அவன் சிரிப்பு போனில் ஒருமுறையும் படிக்கட்டு வழியாக இன்னொருமுறையும் அவளிடம் வந்து சேர்கிறது.