சோளக்கதிர் அடுப்புக்கு எதிரே

மதுரை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் மாரியாயி உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வலது கன்னத்தை மூடியிருந்தாள்.

அவள் புருஷன் நல்லையா கீழே நின்றான். டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரைதான் நேரம். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

கன்னத்துக் கட்டியை மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுக்கப் போகிறார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொம்பளை வார்டில் ஆம்பளை தங்கக் கூடாது. துணைக்கு அவள் தங்கை முருகம்மாள் போகிறாள். பிள்ளைகளையும் குதிரையையும் பார்த்துக்கொண்டு அவன் இங்கேதான் இருந்தாக வேண்டும்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து மாரியாயி கன்னத்தைத் திறக்கவில்லை. கோணல் முகத்தோடு திரும்பி வந்தால் ஏறிட்டுப் பார்ப்பீர்களா என்று நேற்று சோறு போடும்போது கேட்டாள். நல்லையா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிட்டான்.

அவள் அழகைப் பற்றிக் கொடைக்கானல் ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புகைக்கு நடுவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் சோளக்கதிர் வாட்டும்போது, வாங்க வந்தவர்கள் கதிர் தீய்வதுகூடத் தெரியாமல் நிற்பார்கள்.

கட்டிக்கொண்டவனுக்குத்தான் அதைச் சொல்ல வழியில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருந்தபோது, கல்யாணமான புதிதில், ஒரேயொரு தடவை சொன்னான். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. புருஷன் கண்ணே பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். இனிமேல் அந்தப் பேச்சே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கப்பலேறி வந்து, கொடைக்கானலில் சவாரிக் குதிரை பிடிக்க ஆரம்பித்த பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை.

தமிழில் திறக்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷ சீசனில் ஓர் இத்தாலிக்காரரும் அவர் மனைவியும் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார்கள். அந்தம்மா தினமும் காலையில் நல்லையாவின் குதிரையில் சவாரி போவாள். புருஷன் வாசலுக்கு வந்து, நாலு பேர் பார்க்க, "அரிவெதேர்ச்சி, பெல்லா" என்று கூவி வழியனுப்புவார்.

நல்லையா அர்த்தம் கேட்டான். முதல் சொல்லுக்கு மறுபடி பார்ப்போம், இரண்டாவதற்கு அழகி என்று அந்தம்மா அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள். பெண்டாட்டியை நடுத்தெருவில் வைத்து அழகி என்று கூப்பிட ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் என்று அன்றெல்லாம் வியந்துபோய்த் திரிந்தான்.

இனிப் பார்க்கவே மாட்டோம் என்றால் சொல்வதற்கு வேறொரு சொல் உண்டாம். அத்தியோ. அதை மட்டும் அந்தம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். கடைக்குப் போனால்கூட 'போயிட்டு வாறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் வீடு அவனுடையது.

அதன் பிறகு எந்தச் சவாரி முடிந்தாலும் "அரிவெதேர்ச்சி, பெல்லா"தான். அதுவும் உரத்த குரலில். குதிரை ஸ்டாண்டு தள்ளி இருந்தாலும் மாரியாயியின் சோளக்கதிர் அடுப்புக்கு எதிரேதான் ஆளை இறக்குவான். பல் போன கிழவிக்கும் பெல்லா, பால் குடிக்கிற பிள்ளைக்கும் பெல்லா. ஒருமுறை வழுக்கைத் தலை மிலிட்டரிக்காரர் ஒருவருக்கும் சொல்லிவைத்தான். கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்டால் வாய்ப்பழக்கம் என்பான்.

மாரியாயி தலை நிமிராமல் அடுப்பை விசிறிக்கொண்டிருப்பாள்.

டிரைவர் ஏறினார். என்ஜின் உறுமியது.

நல்லையா ஜன்னலுக்கு அருகே வந்தான். தமிழில் சொல்லப்போய், இன்றைக்குப் பார்த்துக் கண் பட்டுத் தொலைத்தால் என்ன செய்வது? எந்தப் பொல்லாத கண்ணுக்கும் இத்தாலி பாஷை தெரியாது என்று தன்னையே தைரியப்படுத்திக்கொண்டான்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"அரிவெதேர்ச்சி, பெல்லா."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். மச்சானுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று முருகம்மாள் எட்டிப் பார்த்தாள்.

மாரியாயி முந்தானையை விலக்கினாள். வீங்கிய கன்னத்தில் காலை வெயில் விழுந்தது. முழு முகத்தையும் அவனுக்குக் காட்டினாள்.

அவன் ஏறிட்டுப் பார்த்தான். பார்த்துக்கொண்டே ஓடினான்.

"இத்தனை வருஷமா எனக்குத்தான் சொல்றீங்க," என்றாள் மாரியாயி. "இன்னிக்குத்தான் குதிரை மேல ஆள் இல்லாம சொல்லியிருக்கீங்க."