எட்டாவது வார்டு

கை மேலே போய்விட்டது.

அவளே ஒரு கணம் அண்ணாந்து பார்த்தாள். தன் கைதான். கண்ணாடி வளையல்கள் சரிந்து முழங்கைப் பக்கம் வந்து நின்றன.

பேரூராட்சி மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய காலி மனையை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள். தலைவர் சண்முகவடிவு கேட்டது அவ்வளவுதான்.

ஏழு கைகள் ஏற்கெனவே மேலே இருந்தன. ஏழு பேர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதி இருந்தது எட்டாவது வார்டு.

அவள்தான் எட்டாவது வார்டு.

தேர்தல் சுவரொட்டியில் அவள் படம் சின்னது. கும்பிட்டபடி நின்ற அவள் கணவன் செல்லப்பாண்டியின் படம் பெரிது. ஜெயித்த பிறகும் அப்படித்தான். ஊர் அவனைத்தான் மெம்பர் என்றது. கூட்டத்துக்கு அவளைப் பைக்கில் கூட்டி வருவான். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். அவன் இருமினால் அவள் கை தூக்குவாள். இருமாவிட்டால் மடியில் வைத்துக்கொள்வாள்.

இன்று அவன் இருமவில்லை.

அந்த மனையில் கடைகள் கட்டினால் முதல் கடை அவனுக்கு. பேசி முடித்தாயிற்று.

போன மாதம் சென்னையிலிருந்து ரெஜினா என்றொரு பெண் வந்திருந்தாள். ஊர் ஊராக நூலகம் கட்டித் தரும் ஓர் அறக்கட்டளையில் வேலை. மன்றத்தில் நின்று நேராகப் பேசினாள்.

"கட்டடம் நாங்க கட்டித் தர்றோம். புத்தகமும் நாங்களே. ஆனா இடம் ஊர்தான் தரணும். வேணும்னு நீங்க சொல்லாம ஒரு செங்கல்கூட வைக்க மாட்டோம்."

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது இவளிடமும் வந்தாள்.

"உங்க வார்டுக்கு வேணுமா மேடம்?"

"யோசிச்சுச் சொல்லுதோம்" என்றான் செல்லப்பாண்டி.

"நான் அவங்களைக் கேட்டேன் சார்."

அன்று அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். ஆனால் உனக்கு வேண்டுமா என்று அதுவரை யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

அதன்பின் பேருந்து நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் கண் அங்கே போனது. போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பெண்பிள்ளைகள் பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் வார்டுப் பிள்ளைகள். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்கள். குடித்துவிட்டு எவனாவது வந்து பெஞ்சில் சாய்ந்தால் எழுந்துகொள்வார்கள்.

நின்றுகொண்டே படிப்பார்கள்.

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது.

"ஏட்டி, கைய எறக்கு."

மெதுவாகத்தான் சொன்னான். எல்லோருக்கும் கேட்டது.

அவளுக்கு வீடு ஞாபகம் வந்தது. கதவைச் சாத்திய பிறகு இருக்கும் வீடு.

இறக்கவில்லை.

செல்லப்பாண்டி எழுந்தான்.

"தலைவரம்மா, அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. தெரியாமத் தூக்கிட்டா. நான் சொல்லுதேன், மாத்தி எழுதிக்கிடுங்க."

சண்முகவடிவு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பூமயிலு, நீ சொல்லும்மா. தெரிஞ்சுதான் தூக்குனியா?"

இரண்டு வருடமாக அந்த மன்றத்தில் அவள் வாய் திறந்ததில்லை. எச்சிலை விழுங்கினாள்.

"தெரிஞ்சுதான்."

காற்றுதான் வந்தது. போதாது என்று அவளுக்கே தோன்றியது.

"தெரிஞ்சுதான் தூக்கியிருக்கேன். எங்க வார்டுக்கு வேணும்!"

குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"எட்டுக்கு ஏழு" என்றார் சண்முகவடிவு. "தீர்மானம் நிறைவேறுது."

யாரோ மேசையைத் தட்டினார்கள். இன்னொருவர் தட்டினார். பிறகு ஏழு மேசைகளும் அதிர்ந்தன. எதிர்த்து உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், கட்சியை மறந்து, தானும் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். இன்றைக்கும் வந்து சுவரோரம் நின்ற ரெஜினா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது.

செல்லப்பாண்டி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனான். பைக்கை உதைக்கும் சத்தம். மறுபடி உதைக்கும் சத்தம். பிறகு வண்டி ஓடும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பூமயில் கையை இறக்கினாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. பயம் போய்விடவில்லை. அதற்கு மேலே சிரிப்பு வந்தது. முந்தானையால் அடக்கப் பார்த்தாள்.

அடங்கவில்லை.

சண்முகவடிவு அடுத்த தாளைப் புரட்டினார்.

"எட்டாவது வார்டு சாக்கடை. பேசுறவங்க யாரும் உண்டா?"

பூமயில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உண்டு."