முதல் வரி

அவள் ஆய்வறைக் கதவைத் திறந்தாள். அவள் கணவனின் இரண்டு கைகளும் அவளுடைய தம்பியின் குரல்வளையை நெரித்துக்கொண்டிருந்தன. தம்பியின் கையிலிருந்த கத்திரிக்கோல் கணவனின் விலாவில் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

“கத்திரிக்கோலக் கீழ போடு, கழுத்த விடுறேன்!”

“மொதல்ல நீங்க விடுங்க மாமா, அப்புறம் போடுறேன்!” தம்பிக்குக் கண்கள் பிதுங்கின.

“நீ போடுடா!”

“நீங்க விடுங்க!”

தரையில் ரத்தம் சொட்டியது. இருவரும் இம்மிகூட அசையவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் போனால் இரண்டு பிணம் விழும்.

அவள் யோசிக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக் கணவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். கழுத்துப் பிடி விட்டது. அடுத்த அடி தம்பியின் மணிக்கட்டில். கத்திரிக்கோல் எகிறி விழுந்தது.

“ரெண்டு பேருக்கும் அறிவு இருக்கா? எதுக்கு இந்த வெட்டுக்குத்து?”

“கட்டுரையில யாரு பேரு மொதல்ல வரணும்னு...” தம்பி இருமினான்.

மூன்று வருடம் சோறு தண்ணி இல்லாமல் இருவரும் எழுதிய கட்டுரை மேசையில் கிடந்தது. இரண்டு கணினி நிரல்கள் ‘நீ விடு, நான் விடுகிறேன்’ என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உறைந்துபோவது நடக்கவே நடக்காது என்பதற்கான நிரூபணம் அது.

ரத்தம் தெறித்திருந்த பக்கத்தைத் துடைத்துவிட்டு, நிரூபணத்தின் முதல் வரியை அவள் உரக்கப் படித்தாள்.

“இரண்டில் எது முதல் என்பதில் தகராறு இல்லை என்று வைத்துக்கொள்வோம்.”